இனிமேல் போனில் எடை கேட்காதே

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும் என்று முதல் வரி சொன்னேன். இங்கே நாங்களும் அப்படியே இருக்கிறோம் என்று அடுத்த வரியைப் பழக்கத்தில் இவளே எழுதப் போனாள், நான்தான் நிறுத்துடி என்றேன். அந்த ஒரு வரியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதத்தான் இந்தக் கடிதம்.

வாரா வாரம் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். நீ கூப்பிடும் நேரம் நெருங்கினால் உன் அப்பா என் முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணையை நிமிர்த்தி, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி திருப்பி, கழுத்து தெரியாமல் சால்வையைச் சுற்றி, போட்டோ பிடிக்கும் கடையில் உட்காரவைப்பதுபோல என்னை உட்காரவைக்கிறார். அப்புறம் நீ சிரிக்கிறாய், நான் சிரிக்கிறேன், கேட்டதற்கெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. காகிதத்தில் அப்படி வராது என்று நினைக்கிறேன். என் கை பேனாவைப் பிடித்தால் நாலு வரியில் நடுங்குகிறது, அதனால் இவளை உட்காரவைத்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்தாயா, அச்சடித்ததுபோல. வகுப்பில் எழுந்து நின்று வாசி என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் பெண், எழுதச் சொன்னால் ஒரு அடித்தல் இல்லை. எனக்கு உடம்புக்கு வந்ததும் அம்மாவை யார் பார்ப்பது என்று இவளே பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுகொண்டாள், எனக்கு அது ஆறவேயில்லை, இவள் என்னவோ தப்பித்தேன் என்பதுபோல இருக்கிறாள். இதை எழுதமாட்டேன் என்று இப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுதுடி என்று அதட்டியபிறகு எழுதுகிறாள்.

நீ அனுப்பிய சத்துமாவு டப்பாக்கள் வந்து சேர்ந்தன. போன தடவை வந்ததே இன்னும் முடியவில்லை, அலமாரி நிறைந்து இப்போது கட்டிலுக்கடியிலும் அடுக்கியாயிற்று. விடுதிச் சமையலறையில் என்னோடு வேலை செய்தவள், அதுதான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே உலகத்துக் கதையெல்லாம் பேசுவாளே அவள், போன வாரம் பார்க்க வந்தாள். உள்ளே வந்ததும் ஐயோ என்று வாயில் கை வைத்தாள், அப்புறம் சுதாரித்துக்கொண்டு, என்னக்கா இப்படிக் குமரி மாதிரி ஆயிட்டே, எனக்கும் அந்த ரகசியத்தைச் சொல்லேன் என்றாள். நான் கட்டிலுக்கடியில் இருக்கும் டப்பாவைக் காட்டி, இதைத் தினம் மூணு வேளை குடி, இப்படி ஆயிடலாம் என்றேன். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அவள் கண்ணில் வந்த தண்ணீர் மட்டும் கொஞ்ச நேரம் நிற்கவில்லை. அந்த விடுதியில் தட்டில் சோற்றை மிச்சம் வைத்த பிள்ளைகளை நான் என்ன பேச்சு பேசியிருக்கிறேன் தெரியுமா, சாப்பிட முடியாதவ எதுக்குடி வாங்கறே என்று வரிசையில் எல்லோருக்கும் முன்னால் கேட்பேன். இப்போது அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருத்தியும் எனக்கு முன்னால் வந்து நிற்பதுபோல இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வயிற்றில் இருப்பது புற்றுநோய் என்று தெரிந்த நாளில் நீ போனில் அழுதுவிட்டு ஒன்று சொன்னாய், ஞாபகம் இருக்கும். அம்மா எடை இறங்கினா உடனே சொல்லுங்க, வேலையாவது ஒண்ணாவதுன்னு கிளம்பி வந்துடறேன், ஏறிக்கிட்டிருந்தா வருஷக் கடைசி லீவுல நிதானமா வர்றேன் என்றாய். அதிலிருந்து போனை எடுத்ததும் உன் முதல் கேள்வி எடை எவ்வளவு என்பதுதான். உன்னை அதிகாரி என்று உன் அப்பா கூப்பிடுவது சும்மா இல்லை. அதிகாரி கேக்கப் போறா, மெஷின்ல ஏறு என்று கூடத்தில் அந்த வட்ட எடை மெஷினைக் கொண்டுவந்து வைப்பார், நான் ஏறி நின்று அவர் தோளைப் பிடித்துக்கொள்வேன், அவர் குனிந்து முள்ளைப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்வார். ஒரு வாரம் போன வாரம் போலவே இருக்கும், ஒரு வாரம் கொஞ்சம் கூடியிருக்கும். நீ அங்கே கை தட்டுவாய், பாத்தீங்களா மாவு வேலை செய்யுது, இன்னும் ஒரு டம்ளர் கூடக் குடுங்க என்பாய். எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. பாவாடை நாடாவை முடிச்சுக்கு மேல் முடிச்சு இழுத்துக் கட்டுகிறேன், பலகையில் உட்கார்ந்தால் எலும்பு குத்துகிறது, இந்த மெஷின் மட்டும் நான் தேறி வருகிறேன் என்கிறது.

ஒரு நாள் காலையில் சின்னவள் தரையைத் துடைத்தாள். சமையலறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளும் என்று முட்டுக்கொடுக்க அப்பா கடையிலிருந்து ஒரு ஐந்து கிலோ எடைக்கல்லைக் கொண்டுவந்து போட்டிருக்கிறாரே, துடைப்பதற்காக அதைத் தூக்கி, பக்கத்தில் இருந்த மெஷின்மேல் வைத்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். முள் ஐந்தில் நிற்கவேண்டும். ஆறையும் தாண்டிப் போய் நின்றது. இவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். இவள் கல்லை எடுத்துக் கதவோரம் வைத்துவிட்டு ஈரத்துணியைப் பிழிந்தாள். தராசு ரிப்பேர்க்காரர் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு அதற்கு மேல் யார் விளக்கிச் சொல்லவேண்டும்.

உன் அப்பாவை உனக்குத் தெரியும். ஊரில் பாதிக் கடைத் தராசு அவர் கை பட்டதுதான். கறிக்கடைக்காரர் ஒருமுறை கடைக்கு வந்து, முள்ளைக் கொஞ்சம் முன்னே தள்ளி விடுங்க, உங்களையும் கவனிச்சுக்கறேன் என்று கேட்டதற்கு, தூக்கிட்டுப் போய்யா உன் தராசை, எனக்கு அந்த வித்தை தெரியாது என்று தெருவே வேடிக்கை பார்க்கக் கத்தியவர். எடைக்கல்லை வெறும் கையால் தொட்டால் விரல் பிசுக்கு ஏறும் என்று துணியால் பிடிப்பவர். அந்த மனிதர் என் மெஷினைக் கழற்றி, உள்ளே ஸ்பிரிங்கைத் தளர்த்தி, நான் இளைக்க இளைக்க அதையும் தளர்த்திக்கொண்டே வந்திருக்கிறார். அவ இப்பத்தான் அங்கே வேலையில நிலைச்சிருக்கா, பாதியில எழுந்து வந்தா திரும்ப எடுத்துக்குவாங்களா என்று அவர் அடிக்கடி சுவரைப் பார்த்துச் சொல்வதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நான் அவரைக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது. அடுத்த வாரமும் மெஷின்மேல் ஏறினேன், அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன், அவர் எண்ணைச் சொன்னார், நீ கை தட்டினாய். அவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் உன்னை ஏமாற்றினேன்.

ஆனால் அந்தப் பொய்யால் வந்த தொல்லை சாப்பாட்டில்தான் தெரிந்தது. எடை ஏறுகிறது என்று சொல்லிச் சொல்லி உன் அப்பா தானே அதை நம்பத் தொடங்கிவிட்டார். ஊட்டினால் ஏறும், இன்னும் ஊட்டினால் இன்னும் ஏறும் என்று பிடித்துக்கொண்டார். காலையில் மாவு, அது இறங்குவதற்குள் முட்டை, அப்புறம் கஞ்சி, மறுபடி மாவு. இன்னும் ரெண்டே ரெண்டு வாய்ம்மா, எனக்காக ஒரு வாய், பெரியவளுக்காக ஒரு வாய் என்று கரண்டியோடு நிற்கிறார். எனக்கு வாசனை பட்டாலே புரட்டுகிறது. மாட்டேன் என்றால், நீ மனசு வச்சா முடியும், வைக்க மாட்டேங்கறே என்கிறார். நான் சாப்பிடாமல் அவர் சாப்பிடமாட்டார், அவர் சாப்பிடாமல் இவள் சாப்பிடமாட்டாள், மேசையில் மூன்று தட்டும் ஆறிக்கொண்டிருக்கும், இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் கரண்டியைத் தட்டிவிட்டேன். சுவரெல்லாம் கஞ்சி. அவர் துடைத்துவிட்டு, மறுபடி ஒரு கிண்ணம் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். இத்தனை வருஷத்தில் எங்களுக்குள் வந்த சண்டையெல்லாம் சேர்த்தாலும் இந்தச் சாப்பாட்டுச் சண்டைக்குச் சமமாகாது, அதுவும் எதிரே நிற்பவரிடம் துளிக் கோபமும் இல்லாத சண்டை.

போன வாரம் ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிற அறையில் இதெல்லாம் உடைந்தது. இதுவரை நர்ஸ் பார்த்துக் குறித்துக்கொண்டு போவாள், அவர் வெளியே மருந்து வரிசையில் நிற்பார். அன்றைக்கு எனக்கு நிற்க முடியவில்லை, அவர்தான் தாங்கிப் பிடித்தார், எண் அவர் கண்ணுக்கு நேரே வந்தது. ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தரையில் மண்டியிட்டு, அந்த மெஷினின் நாலு காலும் சமமாக நிற்கிறதா என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ஒரு காலுக்கடியில் காகிதத்தை மடித்து வைத்தார். மறுபடி ஏறச் சொன்னார். அதே எண்தான். இதை எப்போ சோதிச்சீங்க, முத்திரை இருக்கா என்று நர்ஸைக் கேட்டார். அவள் போன மாசம்தான் சார் என்று ஒட்டிய சீட்டைக் காட்டினாள். அப்போதுதான் தன்னை மறந்து சொன்னார், நான் ஏத்தி வச்சது கொஞ்சம்தானே, இவ்வளவு எப்படிக் குறையும் என்று. சொன்னபிறகு என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும், கல்லை வச்சுப் பாத்துட்டோம் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

அங்கே சாப்பாட்டு விஷயம் சொல்வதற்கென்று ஒரு அம்மா இருக்கிறாள், சின்ன வயசுதான், குரல் மெதுவாக இருக்கும். அவளிடம் அனுப்பினார்கள். அவள் உன் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள், இவங்க சாப்பிடாததால மட்டும் இளைக்கலை சார், இந்த நோய் உடம்பையே உள்ளே இருந்து கரைக்குது, நீங்க கூடுதலா ஊட்டறதால அந்தச் சதை திரும்பி வராது, வாந்தியும் சண்டையும்தான் வரும் என்று. பிடித்ததை, கேட்கிற நேரத்தில், சின்னக் கிண்ணத்தில் கொடுங்கள், வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், வாந்திக்கு மாத்திரை இருக்கிறது அதை நான் டாக்டரிடம் சொல்கிறேன், மீதித் தெம்பை இவங்க ஆசைப்படும் வேலைக்கு மிச்சம் வையுங்கள் என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, ஒரு நாள் நல்லாப் போச்சுன்னு நீங்க எதை வச்சும்மா சொல்வீங்க என்று கேட்டாள். உடம்புக்கு வந்த நாளிலிருந்து எல்லோரும் என்னிடம் எண்ணைக் கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உன் அப்பாவால் அப்படி விட முடியவில்லை. அப்போ நான் என்னதான் செய்யட்டும் என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். அதற்கு மேல் என்ன செய்வாள், பாவம்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரமாக யோசித்து இப்போது பதில் வைத்திருக்கிறேன். நீங்கள் எல்லோரும் சாப்பிடும்போது நானும் மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும், என் தட்டை யாரும் பார்க்கக்கூடாது. பாத்திரச் சத்தம், கடைக் கதை, இவளை அவர் கேலி செய்வது, இதெல்லாம் காதில் விழவேண்டும். அப்படி ஒரு வேளை போனால் எனக்கு அது நல்ல நாள். இது கிடைப்பதற்குக் கடினமான பொருளா, சொல். ஆனால் இந்த வீட்டில் அதுதான் கிடைக்கமாட்டேன் என்கிறது. அவருக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் கை கேட்கவில்லை. நேற்றுக்கூட மாவைக் கலக்கி எடுத்து வந்தவர், வாசற்படியில் நின்று ஞாபகம் வந்து, தானே குடித்துவிட்டுப் போனார். அதனால் உன்னிடம் கேட்கிறேன், உன் டப்பாவை இனி அனுப்பாதே. போனில் எடை கேட்காதே. நீ கேட்டால் அவர் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லியாகவேண்டும், அந்த எண்ணுக்காக எனக்கு ஒரு கரண்டி வரும். உன் வருகையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. வா என்று சொன்னால் உன் வேலையைக் கெடுத்தவள் ஆவேன், வராதே என்று சொல்ல வாய் வரவில்லை. முதுகு வலிக்கிறது, கொஞ்சம் படுத்துவிட்டு மீதியைச் சொல்கிறேன்.

அக்கா, இது நான். அம்மா படுத்திருக்கிறாள், இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது. போனில் நீ, நீ சொல்லுடி அம்மா எப்படி இருக்கா என்று கேட்கும்போதெல்லாம் நான் தலையை ஆட்டியிருக்கிறேன். கல்லை மெஷின்மேல் வைத்த பிறகும் ஆட்டினேன். எனக்குப் பேச வரவில்லை அக்கா. குளிக்க வைக்கும்போது முதுகு தேய்த்தால் கை எலும்பு எலும்பாக ஏறி இறங்குகிறது. இரண்டு கையாலும் தூக்கிக் கட்டிலில் விடுகிறேன், தூக்க முடிகிறது, அதுதான் பயமாக இருக்கிறது. சாப்பிட உட்காரும்போது உன் நாற்காலியையும் மேசைக்கு இழுத்துப் போடச் சொல்கிறாள், துணி மடித்து வைக்கவாம். துணி எதுவும் அதில் வைப்பதில்லை. வருஷக் கடைசி வேண்டாம் அக்கா. இப்போதே வா. வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

படுத்து எழுந்து சாப்பிட்டும் ஆயிற்று, எங்கே விட்டேன். உன் வருகையைப் பற்றி எழுதியாகிவிட்டது, அது போதும். இன்றைக்கு மத்தியானம் நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன். நானே மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். எனக்குச் சூடான பாலில் ஒரு துண்டு ரொட்டியை ஊறவைத்துத் தா என்று இவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். உன் அப்பா தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, நான் வாய் வைப்பதற்கு முன்பே சாப்பிடத் தொடங்கினார். கறிக்கடைக்காரர் கதையை மறுபடி முதலிலிருந்து எடுத்தார், நாங்கள் நூறு தடவை கேட்டது. தூக்கிட்டுப் போய்யா உன் தராசை என்று சொல்லும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டார். அப்போது இவள், இந்த ஊமை, தலையைக் குனிந்துகொண்டு, அப்புறம் அந்தாள் என்னப்பா பண்ணினான் என்று கேட்டாள். அவர் மீதியைச் சொன்னார், குரல் கொஞ்சம் உடைந்துதான் வந்தது. நான் ரொட்டியில் பாதி தின்றேன். பாதியை வைத்தபோது அவர் முதுகு ஒருமுறை இந்தப் பக்கம் திரும்பப் போனது, திரும்பவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனவர் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் கூப்பிடவில்லை. எனக்கும் அவருக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

இதுவரை எழுதிய பக்கங்களை மடித்து, தபால்தலை எவ்வளவு ஒட்டவேண்டும் என்று பார்க்கக் கடையின் சின்னத் தராசில் வைத்தார் உன் அப்பா. ஒரு எழுத்தைக்கூடப் படிக்கவில்லை. கனமா இருக்கு, இன்னொரு தலை வேணும் என்றார். இந்த வீட்டில் ஏதோ ஒன்றாவது கனம் கூடியிருக்கிறதே என்றேன். சிரிப்பதா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் சிரித்த பிறகு அவரும் சிரித்தார்.

ஒட்டுவதற்கு முன் எழுதியதை ஒருமுறை படித்துக் காட்டு என்று இவளிடம் சொன்னேன். படித்தாள், குரல் கேட்கவேயில்லை, காதை அவள் வாயருகே வைத்துக் கேட்டேன். ஒரு இடத்தில் பக்கத்தைச் சட்டென்று திருப்பினாள், காதெல்லாம் சிவந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது அதிகம், இவள் படித்தது குறைவு. உன் அப்பா எண் சொல்லும்போது நான் எப்படி வாய் மூடி இருந்தேனோ அப்படியே இருந்துவிட்டேன். அங்கே அவள் என்ன எழுதியிருந்தாலும் அதையும் நான் சொன்னதாகவே வைத்துக்கொள்.

மழையில் நனையாதே. வேலை வேலை என்று மத்தியானச் சாப்பாட்டை விடாதே, உனக்குப் பசிக்கிறதே, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் குறையில்லாமல் நன்றாக இருக்கவேண்டும். அடுத்த தடவை போன் செய்யும்போது, இன்றைக்கு மேசையில் என்ன பேசினீர்கள் என்று கேள், சொல்வதற்கு ஏதாவது வைத்திருக்கிறோம்.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா

(எழுதியது தங்கை. உன் நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.)